வில்லும் வரம்பும்: கோடை முகாம்களில் எய்தற் பயிற்சி

படைக்கலம் பயில்வார்க்கு முதற்கண் வேண்டுவது குறி தவறாமை என்பர் பலர். ஆயின், ஆணை கேட்ட அளவில் எய்யாது நிற்கக் கற்றவரே எய்வதற்கு உரியவர் என்பது பயிற்றுவோர் துணிபு. இளையோர் கோடை முகாம்களில் இக்கலை பயிற்றப்பெறும் முறையைக் கொண்டு இதனை ஈண்டுக் காண்போம்.

அமெரிக்க நாட்டில் 1910இல் தோன்றிய சாரணர் இயக்கம், 1911இல் வகுத்த திறன் சின்னங்களுள் வில்வித்தைக்கும் குறிபார்த்துச் சுடுதலுக்கும் இடமளித்தது. அந்நாட்டுக் கோடை முகாம்களில் இவை இன்றும் பயிற்றப்பெறுகின்றன.

பயிற்சிக் களத்தில் எய்வோர் அனைவரும் ஒரே கோட்டில் நிற்பர். ஏனையோர் பின்னுள்ள காத்திருப்புக் கோட்டில் நிற்பர். ஆணைகள் விசில் ஒலியால் தரப்பெறும். இருமுறை ஒலித்தால் எய்கோட்டிற்கு வருதல் வேண்டும். ஒருமுறை ஒலித்தால் எய்யலாம். மும்முறை ஒலித்தால் சென்று அம்புகளை எடுக்கலாம். ஐந்துமுறை தொடர்ந்து ஒலித்தால், நாணை இழுத்தவரும் மெல்லத் தளர்த்தி, அம்பை அம்பறாத்தூணியில் இடுதல் வேண்டும்.

ஒவ்வொரு விதிக்கும் காரணம் உண்டு. அம்பின்றி நாணை இழுத்து விட்டால், அம்பு ஏற்க வேண்டிய ஆற்றல் வில்லையே தாக்கி அதனை முறித்துவிடக்கூடும். நீளம் குறைந்த அம்பு வில்லினின்று வழுவிக் கையைத் துளைக்கக்கூடும். ஆதலின் மாணவரது கைநீளம் அறிந்தே அம்பு தரப்பெறும்.

எய்தல் முடிந்த பின்னும் இடர் நீங்குவதில்லை. இலக்கில் தைத்த அம்புகளின் பின்முனைகள் வெளியே நீண்டு நிற்கும். ஓடிச் சென்று இடறி விழும் சிறுவரின் கண்ணை அவை ஊறுபடுத்தும். எனவே நடந்தே செல்லுதல் வேண்டும். அம்பைப் பிடுங்குவோர் பக்கவாட்டில் நின்று, பின்னே எவருமில்லை எனக் கண்ட பின்னரே பிடுங்குவர்.

துப்பாக்கிப் பயிற்சிக்கு அடிப்படை விதிகள் மூன்று: குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்தல், சுடும் நேரம் வரை விசையில் விரல் வையாமை, அதுவரை குண்டு நிரப்பாமை.

இந்நெறி நமக்குப் புதிதன்று. அம்பெய்தலை ஊக்கிய அண்ணல் நபி (ஸல்) அவர்களே, பள்ளிவாசலிலும் கடைவீதியிலும் அம்புகளுடன் செல்வோர், பிறர்க்கு ஊறு நேராவண்ணம் அவற்றின் முனைகளைப் பற்றிக்கொள்ளுமாறு பணித்துள்ளார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் இச்செய்தி உள்ளது. திறனும் பிறர்நலம் பேணலும் ஈண்டு ஒருங்கே கற்பிக்கப்பெறுதல் காணலாம்.

களத்தின் மற்றொரு மரபும் நம் சிந்தனைக்கு உரியது. எய்யத் தொடங்குமாறு பணிப்பவர் பொறுப்பாளர் ஒருவரே. இடர் கண்டவிடத்து ‘நிறுத்துக’ எனக் குரல் கொடுக்கும் உரிமையோ அனைவர்க்கும் உண்டு. எல்லாரினும் இளைய மாணவன் அவ்வாறு கூவினும் களம் முழுதும் அடங்க வேண்டும். பின்னர் ஆராயுங்கால் இடர் ஏதுமில்லை எனத் தெரியினும், கூவியவனை எள்ளுதல் கூடாது. எள்ளப்பெற்றவன் மறுமுறை வாய் திறவான். பிள்ளைகளை முகாமுக்கு அனுப்பும் பெற்றோர், களத்தில் முதலில் உசாவ வேண்டுவது அச்சிறுவனின் குரலுக்கு அங்குள்ள மதிப்பையே என்பது நம் கருத்து.