கரண்டைக் குடிப்பது கம்ப்ரசர் மட்டுமா?

ஃப்ரீசரின் மின்கட்டணம் ஏறினால் பழி முழுவதும் கம்ப்ரசர் மேல்தான் விழும். ‘கம்ப்ரசர் கிழடாகிவிட்டது, மாற்ற வேண்டும்’ என்பதில் பாதி உண்மை இருக்கிறது. அதிக மின்சாரம் எடுப்பது அதுதான். ஆனால் அது எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பின்புறத்துக் காயிலும் உள்ளே சுற்றும் விசிறியும். ஃப்ரீசர் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது, அவ்வளவே. தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் வாகனங்கள் தேங்கினால் பின்னால் வருகிற லாரியின் எஞ்சினைக் குறைசொல்லிப் பயனில்லை. சூட்டுக்குக் காயில்தான் அந்தச் சாவடி.

கணக்குப் போட்டால் இது விளங்கும். பெட்டிக்குள் மைனஸ் 18 டிகிரி, பின்புறக் காயிலில் 45 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 63 டிகிரி. காயில் தூசி படிந்தோ, சுவரோடு ஒட்டியோ, பக்கத்தில் சாக்குமூட்டை அடுக்கப்பட்டோ மூச்சுமுட்டி 55 டிகிரிக்கு ஏறினால் இடைவெளி 73 ஆகிறது. அதே அளவு சூட்டை வெளியேற்ற இயற்பியல் விதிப்படி ஆகும் குறைந்தபட்ச வேலையே ஏறத்தாழ 16 சதவீதம் கூடிவிடும். நிஜக் கம்ப்ரசருக்கு ஒரு டிகிரிக்கு 2 முதல் 3 சதவீதம் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. களியக்காவிளைப் பக்கம் தேசிய நெடுஞ்சாலையின் புழுதி ஒருபக்கம், இரண்டு பருவமழையும் எட்டிப்பார்க்கும் ஊரின் ஈரக்காற்று மறுபக்கம். காயிலில் ஒட்டும் அழுக்கு எளிதில் உதிராது. ஒரு பிரஷ்ஷும் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடமும் செய்யும் வேலையைப் புதுக் கம்ப்ரசர் செய்யாது. அடைபட்ட காயிலோடு பூட்டினால் அதுவும் சீக்கிரம் கிழடாகும்.

‘விசிறி இத்தனூண்டு, அது எவ்வளவு குடித்துவிடப் போகிறது?’ என்பது அடுத்த கேள்வி. பெட்டிக்குள் குளிர்காற்றைச் சுழற்றும் பழைய வகைச் சிறு மோட்டார்கள் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக்கியே வீணடிப்பவை. 30 வாட் மோட்டார் இருந்த இடத்தில் அதே காற்றைத் தரும் 10 வாட் மின்னணு மோட்டார் வந்தால் மிச்சம் 20 வாட். நாள் முழுக்க ஓடுவதால் ஆண்டுக்கு 175 யூனிட். கணக்கு அதோடு முடியவில்லை. அந்த 20 வாட்டும் பெட்டிக்குள்ளேயே சூடாக மாறுவதால் அதையும் கம்ப்ரசர்தான் வெளியே சுமக்க வேண்டியிருந்தது. அந்தச் சுமைகூலியையும் சேர்த்தால் மிச்சம் 200 யூனிட்டைத் தாண்டும். ஒரே விசிறிக்கு இரண்டு முறை காசு கட்டிக்கொண்டிருந்தோம்!

காயிலும் விசிறியும்தான் முக்கியம் என்ற இந்த நியாயத்தை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோனவர்களும் உண்டு. அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தில் ஜெஃப் காப்லோ ஒரு கருவியை வடிவமைத்தார். விசிறி தனி, சூடு கடத்தும் உலோகத் தகடு தனி என்றில்லாமல் தகடே சுழலும். தகட்டோடு ஒட்டிக்கிடந்து சூட்டை மறிக்கும் அசையாக் காற்றுப்படலம் அந்தச் சுழற்சியில் மெலியும். ஏ.சி., ஃபிரிட்ஜ் அளவுக்குப் பெரிதாக்க முடிந்தால் அமெரிக்காவின் மொத்த மின்நுகர்வே 7 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடும் என்று அப்போது சொல்லப்பட்டது. அந்த ‘முடிந்தால்’தான் இடறியது. கணினிக்கான குளிர்விப்பானாகத் தலைகாட்டியதோடு சரி, நம் சமையலறைக்கு அது வரவில்லை. அதற்காக அடிப்படையே பொய் என்பது அவசரம். சறுக்கியது 7 சதவீதம் என்ற ஆசை. காற்றுப்படலம் சூட்டை மறிக்கிறது என்பதில் மாற்றமில்லை.

மின்னணு மோட்டாரின் விலையைச் சொல்லி மறுப்பவர்களை மட்டும் நான் எளிதில் தள்ளமாட்டேன். சாதாரணச் சீலிங் ஃபேன் 75 வாட் என்றால், அதே வகை மின்னணு மோட்டார் பூட்டிய பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டில் சுற்றுகிறது. விலை ஏறக்குறைய இருமடங்கு. தினம் 12 மணி நேரம் ஓடும் படுக்கையறையில் இரண்டு மாதத்துக்கு 32 யூனிட் மிச்சமாகும். கூடுதல் விலை திரும்பி வந்துவிடும். விருந்தாளி வந்தால் மட்டும் சுற்றுகிற முன்னறைக்குப் பழைய ஃபேனே போதும்.