கத்திரி வருகிறது: ஏரியில் இறங்குவோருக்குக் கோடைக்கால ஆலோசனை

பங்குனி முடிகிறது. பழவேற்காட்டு ஏரியில் தண்ணீர் வற்றத் தொடங்கிவிட்டது. முகத்துவாரத்தில் மணல் ஏறுகிறது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். பழவேற்காட்டு நாட்டுப்படகுக்கும், ஏரி வலைக்கும், கையால் இறால் தடவும் பெண்களுக்கும் அந்த ஓய்வு கிடையாது. மே 4-ஐ ஒட்டிக் கத்திரி தொடங்கிவிடும். போன கோடையில் நீர்க்கடுப்பு, சிறுநீரகக் கல், மயக்கம் என்று சுகாதார நிலையத்துக்கு வந்தவர்களைப் பார்த்த பிறகுதான் இதை முன்கூட்டியே எழுதுகிறேன். கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், பசியாவரம் என்று ஏரியைச் சுற்றியுள்ள எல்லாக் குப்பங்களுக்கும் இது பொருந்தும்.

இப்போதே செய்ய வேண்டியவை

1. விடியுமுன் இறங்குங்கள். 11 மணிக்குள் கரையேறுங்கள். 3 மணிக்கு முன் மறுபடி இறங்காதீர்கள்.
2. பருத்தித் துணி, தலைக்குத் தொப்பி அல்லது நனைத்த துண்டு.
3. சில வாரம் வேலைக்குப் போகாமல் இருந்தவர்கள் முதல் நாளே முழு நேரம் உழைக்க வேண்டாம். உடல் வெயிலுக்குப் பழக ஒன்று, இரண்டு வாரம் ஆகும்.
4. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி வீட்டில் வையுங்கள். இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டி அளந்து கலக்குங்கள்.
5. நீராகாரம், மோர், கூழ் நல்லது. சாராயம் வேண்டவே வேண்டாம்.
6. வேர்க்குரு என்பது வியர்வைத் துளை அடைபட்டு வருவது. அதன்மேல் பவுடரை அப்பாதீர்கள். நல்ல தண்ணீரில் குளித்து உலரவிடுங்கள்.
7. சர்க்கரை, இதயநோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் இப்போதே கேளுங்கள்.

இவற்றைப் பெரும்பாலானவர்கள் செய்துவிடுவீர்கள். செய்யாமல் விடுவது ஒன்றுதான். அதற்குத்தான் இந்த அறிக்கை.

சிறுநீருக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

யார் குறைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இறால் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மார்பளவுத் தண்ணீரில் சேற்றைத் தடவும் இருளர் பெண்கள். கரையில் கருவாடு காயவைக்கும் அக்காமார்கள். இறங்கினால் மறைவிடம் இல்லை, ஈரச் சேலையோடு எங்கே ஒதுங்குவது என்று காலையிலிருந்தே குடிக்காமல் இருக்கிறீர்கள். வீட்டிலிருந்து நிரப்பி எடுத்துப்போன பாட்டில் மாலையில் மூடிகூடத் திறக்காமல் திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால் ஒரே பதில்: “அதான் இவ்வளவு வேர்க்குதே, கழிவெல்லாம் அதிலேயே போயிடும்.”

போகாது. ஏன் போகாது என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் தோலுக்கடியில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நுண்குழாய். அதன் அடிப்பகுதி சுருண்டு கிடக்கும், சுற்றிலும் மெல்லிய ரத்தக்குழாய்கள். உடல் சூடானால் மூளையிலிருந்து நரம்பு வழியாகக் கட்டளை வரும். சுருண்ட பகுதி, ரத்தத்திலிருந்து கசிந்து வந்த நீரையும் உப்பையும் இழுத்து மேலே அனுப்பும். தோலை நோக்கி ஏறும் வழியில், குழாயின் சுவர் உப்பில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். மெதுவாக வேர்த்தால் உப்பு மிஞ்சும். கொட்டோகொட்டென்று வேர்த்தால் உப்பை மீட்க நேரமில்லை, அப்படியே வெளியே வந்துவிடும். உங்கள் ரவிக்கை முதுகிலும் சட்டையிலும் காய்ந்தபின் தெரியும் வெள்ளைக் கோடுகளில் ஏரி உப்பு மட்டுமல்ல, உங்கள் உப்பும் இருக்கிறது.

வியர்வையில் 99 விழுக்காடு தண்ணீர்தான். மீதியில் உப்புதான் அதிகம். யூரியா, அம்மோனியா, லாக்டிக் அமிலம் எல்லாம் சொற்பம். தோலும் ஒரு கழிவு உறுப்பு என்று பள்ளியில் படித்தது பொய்யில்லை, ஆனால் அதன் பங்கு மிகச் சிறியது. யூரியாவைப் பல மடங்கு செறிவாக்கி வெளியேற்றத் தெரிந்தது சிறுநீரகம் மட்டுமே. அதற்கு ஒரு நாளைக்குக் குறைந்தது அரை லிட்டர் சிறுநீராவது போக வேண்டும். வியர்வையின் வேலை உடலைக் குளிர்விப்பது. 1 லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியாகாமல் சொட்டி விழுவது வீண். கடல்காற்று நின்று புழுங்கும் நேரத்தில் நனைந்துகொண்டே இருப்பீர்கள், உடல் மட்டும் குளிராது.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? உங்கள் ரத்தத்திலிருந்து. கடும் உழைப்பில் மணிக்கு 1 லிட்டருக்கு மேல்கூடப் போகும். குடித்து ஈடுசெய்யாவிட்டால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். சிறுநீரகம் தண்ணீரை மிச்சம்பிடிக்கப் பார்த்துச் சிறுநீரைச் சுண்டவைக்கும். கல் சேரும், கிருமி தங்கும், சிறுநீரகமே காயப்படும். ஆக, அதிகம் வேர்க்கிறவர்தான் அதிகம் குடிக்க வேண்டும். நீங்கள் தலைகீழாகச் செய்கிறீர்கள்! தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் நடத்திய ஆய்விலும், வெயில் வேலையோடு சிறுநீரக பாதிப்பு சேர்ந்தே தெரிந்தது. உங்கள் வேலையும் அதே வெயிலில்தான்.

எப்படிக் குடிப்பது?

இறங்குமுன் 2 டம்ளர். பிறகு 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருக்காமல் இடையில் உப்புப் போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ்.ஸோ குடியுங்கள். இறால் தடவுகிறவர்கள் பாட்டிலை மிதவையில் கட்டிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாயில் பறி இருக்கிறது என்று சாக்குச் சொல்லாதீர்கள். பறியை இறக்குங்கள், குடியுங்கள், பிறகு கடியுங்கள். வலை போடும் பாடு முறை வரும் நாளை விட முடியாது என்கிற ஆண்களுக்கும் இதேதான். நாள் முழுக்க வலையோடு நிற்கத் தெரிந்தவருக்கு ஒரு டம்ளர் குடிக்கத் தெரியாதா?

சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் சரி. டீ டிக்காஷன் போல இருந்தாலோ, அரை நாள் போகாமலே இருந்தாலோ வேலையை நிறுத்திவிட்டு சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் ஊராட்சிக்கும்

பெண்கள் குடிக்காமல் இருப்பது பிடிவாதமல்ல, கழிப்பறை இல்லாததுதான் காரணம். ஒவ்வொரு இறங்குகரையிலும் தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை, ஒரு நிழற்கூரை, குடிநீர் வேண்டும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. இறந்த பிறகு வரும் பணம் அது. இருக்கும்போதே ஒரு கழிப்பறை கேட்டுத் தீர்மானம் போடுங்கள், கத்திரிக்கு முன்.

உயிர் போகும் அறிகுறி

உளறல், தள்ளாட்டம், வலிப்பு, உடல் நெருப்பாகக் கொதிப்பது. குடித்திருக்கிறான் என்று படுக்கவிட்டுப் போகாதீர்கள். வேர்த்துக்கொண்டே இருந்தாலும் அது வெப்பவாதமாக இருக்கலாம். நிழலுக்குத் தூக்குங்கள். துணியைத் தளர்த்தி உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஏரித் தண்ணீரானாலும் பரவாயில்லை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும், மற்றவர் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம்.

கடைசியாக மறுபடியும்: வியர்வை சிறுநீருக்கு மாற்று அல்ல. சிறுநீருக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். படிக்கத் தெரியாத அக்கா, அத்தைக்கு இதை இன்றைக்கே வாசித்துக் காட்டுங்கள். நாளைக் காலை அவர்கள் இறங்கும்போது கையில் பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். மாலையில் அது காலியாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள்.