அடுத்த ஆண்டுக் குழுவுக்காக வடிவமையுங்கள்

அன்புள்ள இளம் வடிவமைப்பாளருக்கு,

கல்லூரியில் ஐந்தாறு நண்பர்கள் சேர்ந்து தொழில் தொடங்கினால், வரையத் தெரிந்தவரைப் பிடித்து ‘ஒரு லோகோ போட்டுக் கொடு’ என்று கேட்பது வழக்கம். அந்தப் பொறுப்பு இப்போது உங்களிடம் வந்திருக்கிறது. கணினியைத் திறப்பதற்கு முன் ஒன்றை யோசித்துப் பாருங்கள். மற்ற சிறுதொழில்களிலிருந்து மாணவர் குழுத் தொழிலைப் பிரித்துக் காட்டுவது முதலீட்டின் அளவு மட்டுமல்ல. அதை நடத்துகிறவர்கள் சீக்கிரமே மாறிவிடுகிறார்கள் என்பதுதான். இறுதித் தேர்வு முடிந்ததும் தொடங்கியவர்கள் கிளம்பிவிடுவார்கள். பொருளைச் செய்தவரின் கைப்பக்குவமும், லேபிள் வரைந்தவரின் கோப்பும், அச்சகத்தோடு பேசியவரின் தொடர்பும் அவர்களோடு போய்விடும். ஆகவே உங்கள் வேலையை அளக்க நான் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான்: உங்களைப் பார்த்தே இராத ஒருவர், அடுத்த ஆண்டு, அதே பொருளை அதே தரத்தில், அதே தோற்றத்தில் செய்ய முடியுமா? முடியும் என்றால் நீங்கள் ஒரு பிராண்டை உருவாக்கியிருக்கிறீர்கள். முடியாது என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஒரு படம்தான்.

ஆட்கள் மாறினாலும் பொருள் மாறாமல் இருக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்றுகள் உண்டு. 1959இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளத்தை இன்று பல்லாயிரம் பெண்கள் அவரவர் வீட்டில் இடுகிறார்கள். இத்தனை கைகள் பட்டும் சுவை பிசகாததற்குக் காரணம் வேலையைப் பிரித்த விதம். மாவு நிறுவனத்தின் கிளையில் பிசைந்து தரப்படுகிறது. உறுப்பினர்கள் வீட்டில் இட்டுக் காயவைத்துக் கொண்டுவருகிறார்கள். தரம் பார்ப்பதும் பாக்கெட்டில் அடைப்பதும் மறுபடி கிளையில் நடக்கின்றன. சுவையைத் தீர்மானிக்கும் படி தனிநபரின் கைப்பழக்கத்துக்கு விடப்படவில்லை. தோற்றத்துக்குச் சான்று அமுல் வெண்ணெய் விளம்பரத்தில் வரும் சிறுமி. 1966இல் சில்வெஸ்டர் டகுன்யாவும் ஓவியர் யூஸ்டஸ் ஃபெர்னாண்டஸும் உருவாக்கிய அந்தப் புள்ளிச்சட்டைச் சிறுமியை அவர்களுக்குப் பின் வேறு கைகள் வரைகின்றன. பார்க்கிறவர்களுக்கு அவள் அதே சிறுமிதான். இரண்டு இடங்களிலும், எது மாறக்கூடாது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்தார்கள்.

உங்கள் குழு கடலைமிட்டாய் விற்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வடிவமைப்பு வேலை அடுப்படியில் இருக்கிறது. வெல்லப்பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அது உடைகிறதா இழுபடுகிறதா என்று பார்த்துப் பதம் சொல்வார்கள். அந்தப் பதம் தெரிந்த ஒரே ஆள் படிப்பு முடித்துப் போனால் தொழில் நின்றுவிடும். ஆகவே பாகு சரியாக வந்த நாளில் வெப்பமானியை வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கடலைக்கும் வெல்லத்துக்கும் உள்ள எடை விகிதம், தட்டில் பரப்பும் கனம், சூடு ஆறுவதற்குள் கோடு போடவேண்டிய நேரம் எல்லாம் ஒரே தாளில் வரட்டும். வில்லையின் அளவும் வடிவமைப்புதான். கேன்டீனில் பத்து ரூபாய்க்கு விற்கப்போகிறீர்கள் என்றால், அந்த விலைக்குக் கட்டுப்படியாகும் எடையைக் கணக்கிட்டு, அந்த எடைக்கு ஒரு சட்டம் செய்து வைத்தால் யார் வெட்டினாலும் ஒரே அளவில் வரும். வெல்லம் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். கடலையின் எண்ணெய் காற்றும் வெளிச்சமும் பட்டுச் சிக்கடிக்கும். முழுக்கக் கண்ணாடியாகத் தெரியும் பை கண்ணுக்கு நன்றாக இருந்தாலும் மிட்டாயைக் கெடுக்கும். உள்ளே இருப்பதைக் காட்டியே ஆகவேண்டும் என்றால் சின்ன ஜன்னல் போதும்.

இப்போது பைக்கு வருவோம். பல வண்ணத்தில் பையின் மேலேயே அச்சிட்டுத் தரும் முறையில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி உருளை செதுக்க வேண்டும். அந்தச் செலவு கட்டுப்படியாக ஆயிரக்கணக்கில் அச்சடிக்க வேண்டும். மாதம் சில நூறு பாக்கெட் விற்கும் குழு அதில் இறங்கினால் பணம் முழுவதும் பையாகவே முடங்கிக் கிடக்கும். அச்சில்லாத பையும் அதன்மேல் ஒட்டும் ஸ்டிக்கரும் உங்களுக்குப் போதும். உணவுப்பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண், சைவக் குறி, சேர்மானப் பட்டியல், நிலக்கடலை இருக்கிறது என்ற ஒவ்வாமை எச்சரிக்கை, நிகர எடை, அனைத்து வரிகளும் உள்ளிட்ட அதிகபட்ச விலை, தயாரித்த நாள், பயன்படுத்தவேண்டிய கடைசி நாள், முகவரி என்று ஸ்டிக்கரில் வரவேண்டியவை ஏராளம். இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரியில் எழுதிய இந்தியிலோ இருந்தாக வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். அதனால் முதல் வரைவிலேயே இரண்டு மொழிக்கும் இடம் ஒதுக்குங்கள். வரைந்து முடித்த பிறகு ஒரு மூலையில் திணித்தால் எழுத்து படிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும். தேதி முத்திரை குத்தும் இடத்தை மட்டும் பளபளப்பில்லாத வெற்றிடமாக விடுங்கள். பளபளப்புப் பூச்சின்மேல் முத்திரை மை விரல் பட்டாலே கலைந்துபோகும்.

தமிழ் எழுத்தில் இன்னும் கவனம் தேவை. வரைகலை மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான தெரிவை இயக்காவிட்டால் ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அப்படியே அச்சாகிக் கடைக்கு வந்த லேபிள்களும் உண்டு. டி.டி.பி. கடைகளில் இன்னும் புழங்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் கோப்பு புரியாத குறிகளாகத் திறக்கும். முக்த மலர், பலூ தம்பி போன்ற, திறந்த உரிமத்தில் கிடைக்கும் யூனிகோடு எழுத்துருக்களை எடுத்துக்கொண்டால் அடுத்த குழுவும் காசில்லாமல், தடையில்லாமல் பயன்படுத்தலாம். அச்சகத்துக்கு எழுத்தை உருவமாக மாற்றிய கோப்பைக் கொடுங்கள். திருத்தக்கூடிய மூலக்கோப்பைக் குழுவின் பொதுக் கணக்கில் வையுங்கள். வண்ணத்தைக் ‘கருப்பட்டி நிறம்’ என்று வாயால் சொல்லாமல், அச்சு மைகளின் விழுக்காட்டில் எழுதி வையுங்கள்.

பெயரைக் கடைசியில் முடிவுசெய்தாலும் தவறில்லை. யாருடைய பெயர் என்பதை மட்டும் முதலிலேயே கேளுங்கள். ‘கோவில்பட்டி கடலைமிட்டாய்’ 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. வரையறுத்த பகுதியைச் சேர்ந்த, பதிவுபெற்ற பயனர்களுக்கே அந்தப் பெயர் உரியது. அந்த ஊரின் சுவையைப் போலச் செய்தாலும் உங்கள் லேபிளில் அதைப் போடக்கூடாது. ‘சுவையான கடலைமிட்டாய்’ என்பது போலப் பொருளை வர்ணிப்பதோடு நிற்கும் பெயரை வணிகமுத்திரையாகப் பதிவதும் கடினம். பெயரை ஒரு மாணவரின் பெயரில் பதிந்தால் அவர் கல்லூரியை விட்டுப் போகும்போது உரிமையும் கூடப் போகும். எந்த அமைப்பின் பெயரில் பதிவது என்பதைக் கல்லூரி நிர்வாகத்தோடு பேசி எழுத்தில் வாங்குங்கள்.

கண்ணைக் கவராத பொருளை யார் கையில் எடுப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, முதல் பாக்கெட்டை விற்பது கண்தான். ஆனால் கல்லூரி வளாகம் சின்னச் சந்தை. அங்கே புது வாடிக்கையாளர் சீக்கிரம் தீர்ந்துவிடுவார். பிறகு அதே முகங்கள் திரும்ப வந்து வாங்கினால்தான் தொழில் நடக்கும். இரண்டாவது பாக்கெட்டை விற்பது, முதலாவது எப்படி இருந்ததோ அப்படியே இதுவும் இருக்கும் என்ற நம்பிக்கை. இவ்வளவு விதிகள் போட்டால் கலைஞனுக்கு என்ன வேலை என்றும் தோன்றலாம். அமுல் விளம்பரத்தை மறுபடி பாருங்கள். சிறுமி மாறவில்லை, அவள் பேசும் நாட்டு நடப்பு மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. சட்டகம் உறுதியாக இருப்பதால்தான் உள்ளே அவ்வளவு துணிச்சலாக விளையாட முடிகிறது. உங்கள் ஸ்டிக்கரிலும் பெயரும் எழுத்தும் நிலையாக இருக்கட்டும். பொங்கலுக்கும் பட்டமளிப்பு விழாவுக்கும் மாறும் ஓவியத்துக்கு ஒரு பகுதியை விட்டுவையுங்கள்.

வரும் குழுவைக் கட்டிப்போட நமக்கு என்ன உரிமை என்பது கனமான மறுப்பு. அவர்கள் மாற்றலாம், மாற்றவும் வேண்டும். ஆனால் வாடிக்கையாளர் எதைப் பார்த்துப் பொருளை அடையாளம் காண்கிறார் என்று தெரிந்த பிறகு மாற்ற வேண்டும். 2009இல் அமெரிக்காவில் டிராபிகானா பழச்சாறு நிறுவனம் தன் பெட்டியிலிருந்து உறிஞ்சுகுழல் செருகிய ஆரஞ்சுப் படத்தை எடுத்துவிட்டுப் புதுத் தோற்றம் கொடுத்தது. இரண்டு மாதத்துக்குள் விற்பனை ஏறக்குறைய 20 விழுக்காடு சரிந்தது. பழைய பெட்டி திரும்பி வந்தது. உள்ளே இருந்த சாறு மாறவே இல்லை. அவ்வளவு பெரிய நிறுவனமே சறுக்கிய இடம் அது. ஆகவே ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் அதன் காரணத்தையும் ஒரு வரி எழுதி வையுங்கள். ஜன்னல் ஏன் சிறிது, ஸ்டிக்கர் ஏன் இந்த அகலம், வெற்றிடம் எதற்கு என்று தெரிந்தவர் தெளிவோடு மாற்றுவார். தெரியாதவர் கை போனபடி மாற்றுவார்.

வேலை முடிந்தது என்று அறிவிப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். குழுவில் சேராத முதலாண்டு மாணவர் ஒருவரிடம் உங்கள் தாள்களையும் கோப்புகளையும் கொடுத்து, ஒரு தட்டு மிட்டாய் காய்ச்சி, வெட்டி, ஸ்டிக்கர் அச்செடுத்து ஒட்டச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக்கூடாது. அவர் உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் உங்கள் வடிவமைப்பில் விடுபட்டுப்போன ஒரு வரி. அந்த வரிகளை எழுதிச் சேருங்கள். அதன்பிறகு லோகோவின் வளைவை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் செதுக்குங்கள்.

அன்புடன்,
உங்கள் தொழிலில் மூத்த ஒருவர்