குழாய் அறுந்தால் நிற்கும் வண்டி

ரயில் பெட்டியில் அபாயச் சங்கிலியைப் பார்த்திருப்பீர்கள். ஆபத்து நேரத்தில் அதை இழுத்தால் வண்டி நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஏன் நிற்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

ஒரு மனிதன் கையால் இழுக்கும் விசை, ஓடும் ரயிலைப் பிடித்து நிறுத்தப் போதாது. சங்கிலியும் பிரேக் கட்டைகளோடு நேராக இணைக்கப்படவில்லை. அதை இழுக்கும்போது ஒரு சிறிய வால்வு திறக்கிறது. வண்டியின் நீளம் முழுவதும் ஓடும் ஒரு குழாயிலிருந்து காற்று 'உஸ்' என்று வெளியேறுகிறது. அவ்வளவுதான். காற்று குறைந்ததும் பிரேக் தானாகப் பிடிக்கத் தொடங்குகிறது. எஞ்சினில் உள்ள அளவுமானியைப் பார்த்து ஓட்டுநரும் பிரேக்கைப் போட்டு வண்டியை நிறுத்துகிறார்.

இது சற்று விசித்திரமாக இல்லையா? சைக்கிளில் நாம் அழுத்தினால் பிரேக் பிடிக்கிறது, விட்டால் விலகுகிறது. ரயிலில் காற்று அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கிறது; அழுத்தம் குறைந்தால் பிடிக்கிறது. இப்படித் தலைகீழாக அமைத்தது ஏன்? அதற்குப் பின்னால் ஒரு துயரமான வரலாறும், பொறியியலின் மிக முக்கியமான பாடம் ஒன்றும் இருக்கின்றன.

நிறுத்துவது எளிதன்று

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். 1000 டன் எடையுள்ள ஒரு பயணிகள் ரயில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். அதாவது விநாடிக்கு 27.8 மீட்டர். இயக்க ஆற்றலுக்கான ½mv² என்னும் சூத்திரத்தில் இந்த எண்களை இட்டால், ஏறத்தாழ 38.6 கோடி ஜூல் கிடைக்கும். இந்த ஆற்றலைக் கொண்டு அதே ரயிலைச் செங்குத்தாக 39 மீட்டர் உயரத்திற்குத் தூக்கிவிடலாம்! பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உயரம் அது. இவ்வளவு ஆற்றலையும் பிரேக்குகள் உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றியாக வேண்டும்.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருள்கிறது. சாலையில் ரப்பர் டயருக்குக் கிடைக்கும் பிடிப்பு இங்கே கிடைக்காது. பிரேக் போட்டபின் ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு அரை மீட்டர் வீதம் குறைகிறது என்றால், நம் ரயில் நிற்க 55 விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் அது ஏறத்தாழ 770 மீட்டர் ஓடிவிடும்.

எஞ்சினில் மட்டும் பிரேக் இருந்தால் இந்தத் தூரம் இன்னும் பல மடங்காகும். ஆகவே ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் வேண்டும். அவை அனைத்தும் ஓட்டுநரின் கைக்கு ஒரே நேரத்தில் அடங்க வேண்டும். இதற்குத் 'தொடர் பிரேக்' என்று பெயர்.

அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற இளைஞர் 1869-ஆம் ஆண்டில், தமது 22-ஆம் வயதில், காற்றால் இயங்கும் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சினில் அழுத்திச் சேர்த்த காற்று, குழாய் வழியே ஒவ்வொரு பெட்டிக்கும் சென்று, அங்கே உருளைக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பிரேக் கட்டையைச் சக்கரத்தின்மேல் அழுத்தும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஓடும்போது பெட்டிகள் இரண்டாகப் பிரிந்து குழாய் அறுந்துவிட்டால்? காற்று வெளியே போய்விடும். எந்தப் பெட்டிக்கும் பிரேக் இருக்காது. பிரேக் மிகவும் தேவைப்படும் அந்த நொடியில்தான் அது கைவிடும்!

ஆர்மா தந்த பாடம்

இது வெறும் கற்பனையன்று. அயர்லாந்தில் ஆர்மா என்னும் நகரிலிருந்து 1889-ஆம் ஆண்டு ஜூன் 12 அன்று ஒரு சுற்றுலா ரயில் புறப்பட்டது. ஞாயிறு பள்ளிச் சிறுவர் சிறுமியரும் அவர்களுடைய பெற்றோரும் கடற்கரைக்குச் செல்லக் குதூகலத்துடன் ஏறியிருந்தனர். 15 பெட்டிகளில் ஏறத்தாழ 940 பேர். வழியில் ஒரு நெடிய ஏற்றம். உச்சியை நெருங்கும்போது எஞ்சினால் இழுக்க முடியாமல் வண்டி நின்றுவிட்டது.

வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலில் அடுத்த நிலையத்தில் கொண்டுபோய் விட்டு வரலாம் என்று முடிவு செய்தார்கள். அந்த வண்டியிலும் தொடர் பிரேக் இருந்தது. ஆனால் அது எஞ்சின் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சினால் மட்டுமே பிடிக்கும் வகையைச் சேர்ந்தது. இணைப்பைக் கழற்றியதும் பின்னால் நின்ற பத்துப் பெட்டிகளுக்கும் அந்தப் பிரேக் இல்லாமற் போயிற்று. அவற்றைப் பிடித்து நின்றவை கடைசிப் பெட்டியின் கை பிரேக்கும், சக்கரங்களின் அடியில் வைத்த சில கற்களுமே.

முன்பாதி புறப்படும்போது சற்றே பின்னோக்கி நகர்ந்து, நின்ற பெட்டிகளை இடித்தது. கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் பின்னோக்கி உருளத் தொடங்கின. 75 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவு அது. கண்ணுக்கு அது சரிவாகவே தோன்றாது. ஆயினும் உராய்வை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், அத்தகைய சரிவில் உருளும் வண்டி ஒரே நிமிடத்தில் மணிக்கு 28 கி.மீ. வேகத்தை எட்டிவிடும். அதே பாதையில் பின்னால் வேறொரு பயணிகள் ரயில் வந்துகொண்டிருந்தது. மோதலில் ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவர்களில் பலர் குழந்தைகள்.

மூன்று மாதங்களுக்குள் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பயணிகள் ரயில்களில் தொடர் பிரேக் இருப்பது மட்டும் போதாது. இணைப்பு எங்கேனும் அறுந்தால் அது தானாகவே பிடிக்க வேண்டும் என்பது கட்டாயமாயிற்று.

தானே பிடிக்கும் பிரேக்

அத்தகைய பிரேக் அப்போது புதியதன்று. வெஸ்டிங்ஹவுஸ் 1872-லேயே தம் முதல் கருவியின் குறையை உணர்ந்து அதைத் திருத்திவிட்டார். அவர் செய்த மாற்றம் என்ன?

ஒவ்வொரு பெட்டிக்கும் சொந்தமாக ஒரு காற்றுத் தொட்டியைக் கொடுத்தார். தொட்டிக்கும் பிரேக் உருளைக்கும் குழாய்க்கும் நடுவே 'டிரிப்பிள் வால்வு' என்னும் கருவியை வைத்தார். அது மூன்று வேலைகளைச் செய்கிறது. குழாயில் அழுத்தம் ஏறும்போது தொட்டியை நிரப்புகிறது. உருளையில் உள்ள காற்றை வெளியேற்றிப் பிரேக்கை விடுவிக்கிறது. குழாயில் அழுத்தம் குறைந்தால், தொட்டியின் காற்றை உருளைக்குள் அனுப்பிப் பிரேக்கைப் பிடிக்கச் செய்கிறது.

இப்போது குழாயின் பணி மாறிவிட்டதைக் கவனியுங்கள். "எல்லாம் நலம்" என்ற செய்தியைக் குழாய்க் காற்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. செய்தி நின்றால் ஒவ்வொரு பெட்டியும் தன் தொட்டிக் காற்றைக் கொண்டு தானே நின்றுவிடும். குழாய் அறுந்தாலும், பெட்டிகள் பிரிந்தாலும், சங்கிலியை யாரேனும் இழுத்தாலும் விளைவு ஒன்றே.

நம் நாட்டு ரயில்களில் இந்தக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோகிராம் அழுத்தத்தில் காற்று நிற்கிறது. காரின் டயரில் உள்ளதைப்போல் இரு மடங்குக்கும் மேல். பல ஆண்டுகள் இங்கே வழக்கில் இருந்த வெற்றிட பிரேக்கும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான்: வெற்றிடம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும், காற்று உள்ளே புகுந்தால் பிடிக்கும்.

இப்படிப் பழுது நேரும்போது பாதுகாப்பான நிலைக்கே போய்ச் சேரும்படி ஒரு கருவியை அமைப்பதற்குப் 'பழுதிலும் பாதுகாப்பு' என்று பெயர் சூட்டலாம். எந்தக் கருவியும் ஒரு நாள் பழுதாகும். நல்ல பொறியாளர் "இது பழுதாகுமா?" என்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. "பழுதானால் எந்தப் பக்கம் விழும்?" என்றும் கேட்கிறார்.

பாடம் மறந்தபோது

அந்தக் கேள்வியை மறந்தால் என்ன ஆகும் என்பதை 2013-ஆம் ஆண்டு ஜூலை 6 காட்டியது. கனடாவில் கச்சா எண்ணெய் நிரம்பிய 72 தொட்டி வாகன்களுடன் ஒரு சரக்கு ரயிலை இரவில் ஆளில்லாமல் ஒரு சரிவில் நிறுத்தியிருந்தார்கள். அது ஏறத்தாழ ஆர்மாவின் சரிவைப் போன்றதே. ஏழு வண்டிகளில் மட்டும் கை பிரேக் போடப்பட்டிருந்தது. அது போதாது. ரயிலை உண்மையில் பிடித்து நின்றது எஞ்சின்களுக்கு உரிய தனிப் பிரேக். அந்தத் தனிப் பிரேக் பழைய முறையில் வேலை செய்வது. காற்று அழுத்தம் இருந்தால்தான் பிடிக்கும். வாகன்களின் தானியங்கிப் பிரேக் போடப்படவில்லை.

நள்ளிரவுக்குச் சற்று முன் எஞ்சினில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் எஞ்சினை அணைத்தார்கள். அதனுடன் காற்றை அழுத்தித் தரும் கருவியும் நின்றது. காற்று மெல்ல மெல்லக் கசிந்தது. தனிப் பிரேக்கின் பிடி தளர்ந்தது. ஒரு மணி அளவில் ரயில் தானாக உருண்டு, ஏறத்தாழ 12 கி.மீ. ஓடி, மணிக்கு 100 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் லாக்-மெகான்டிக் என்ற ஊருக்குள் கவிழ்ந்து தீப்பற்றியது. 47 பேர் இறந்தார்கள்.

கை பிரேக் போதுமா என்று முன்னிரவில் சோதித்திருந்தார்கள். ஆனால் சோதனையின்போது எஞ்சினின் காற்றுப் பிரேக்கும் பிடித்திருந்தது! ஆகவே கை பிரேக்கின் பலம் தனியே சோதிக்கப்படவே இல்லை.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. தானியங்கிப் பிரேக்கின் தொட்டிக் காற்றும் பல மணி நேரம் நின்றால் கசிந்து தீர்ந்துவிடும். ஆகவேதான் நிறுத்தி வைக்கும் பெட்டிகளுக்குக் கை பிரேக்கும், சக்கரத்தின் அடியில் ஆப்பும் வேண்டும். மேலும், பெட்டிகளுக்கு இடையே குழாயின் திருகை யாரேனும் தவறி மூடிவிட்டால், ஓட்டுநர் குறைக்கும் அழுத்தம் பின்பெட்டிகளுக்கு எட்டாது. அதனால் வண்டி புறப்படுமுன் கடைசிப் பெட்டிவரை அழுத்தம் ஏறி இறங்குகிறதா என்று சோதிக்கிறார்கள். பழுதிலும் பாதுகாப்புத் தரும் கருவிக்கும் மனிதனின் கவனம் தேவை.

வானத்தில் நிற்க முடியுமா?

ரயிலுக்கு ஒரு வசதி உண்டு: நின்றுவிட்டால் பெரும்பாலும் ஆபத்து நீங்கும். விமானத்துக்கு அது இல்லை. 10 கி.மீ. உயரத்தில் ஏதேனும் பழுதானால் "எல்லாவற்றையும் நிறுத்து" என்று சொல்ல முடியாது. ஆகவே விமானப் பொறியாளர்கள் வேறு வழியைக் கையாள்கிறார்கள். முக்கியமான ஒவ்வொன்றுக்கும் மாற்று வைக்கிறார்கள்.

இதன் பயனை நிகழ்தகவுக் கணக்கால் அறியலாம். ஒரு கருவி ஒரு பயணத்தில் பழுதாகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று கொள்வோம். அதே போன்ற மூன்று கருவிகள் இருந்து, ஒன்றே வேலைக்குப் போதுமானால், மூன்றும் சேர்ந்து பழுதாகும் வாய்ப்பு 1/1000 × 1/1000 × 1/1000. அதாவது நூறு கோடியில் ஒன்று! சாதாரணமான கருவிகளைக் கொண்டே அசாதாரணமான நம்பகத்தை அடைந்துவிட்டோம் போல் தோன்றுகிறது.

ஆனால் இந்தப் பெருக்கலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒன்றின் பழுதுக்கும் மற்றொன்றின் பழுதுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. 1989-ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று அமெரிக்காவில் 296 பேருடன் பறந்த யுனைடெட் ஏர்லைன்ஸ் 232 என்ற டி.சி.-10 விமானத்தில் இந்த நிபந்தனை உடைந்தது. அதன் திசைமாற்றிப் பலகைகளை இயக்க மூன்று தனித்தனி ஹைட்ராலிக் அமைப்புகள் இருந்தன. ஆனால் மூன்றின் குழாய்களும் வால் எஞ்சினுக்கு அருகே சென்றன. அந்த எஞ்சினின் டைட்டானிய விசிறித் தட்டில், உலோகம் வார்க்கப்பட்டபோதே இருந்த ஒரு சிறு குறையிலிருந்து விரிசல் வளர்ந்திருந்தது. தட்டு வெடித்துச் சிதறியது. துண்டுகள் மூன்று அமைப்புகளின் குழாய்களையும் அறுத்தன. எண்ணெய் முழுவதும் வெளியேறியது.

விமானிகள் எஞ்சியிருந்த இரண்டு எஞ்சின்களின் விசையை மட்டும் கூட்டியும் குறைத்தும் விமானத்தைச் சூ சிட்டி விமான நிலையம்வரை கொண்டுவந்தார்கள். தரையில் மோதி அது உடைந்தது. 112 பேர் உயிரிழந்தனர். 184 பேர் பிழைத்தனர். அதன்பின் அவ்வகை விமானங்களில், குழாய் அறுந்தாலும் எண்ணெய் முழுவதும் போய்விடாதபடி தடுக்கும் வால்வு பொருத்தப்பட்டது.

ஆக, நாம் கற்றவை இரண்டு. நிற்பது பாதுகாப்பு என்றால், பழுது நேர்ந்ததும் தானே நிற்கும்படி அமைக்க வேண்டும். நிற்க முடியாது என்றால் மாற்று வேண்டும். அந்த மாற்றுகள் ஒரே அடியில் விழாதபடி ஒன்றுக்கொன்று விலகியும் இருக்க வேண்டும்.

சிந்தியுங்கள்

1. முன்னாளில் ரயில் நிலையங்களின் அருகே நின்ற கைகாட்டி, நீண்ட கம்பியால் இழுக்கப்பட்டது. கம்பி அறுந்தால் கை 'நில்' என்ற நிலைக்கே திரும்பும்படி அதில் எடை கட்டப்பட்டிருந்தது. எடையை மறுபக்கம் கட்டியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?

2. பிரஷர் குக்கரின் மூடியில் உள்ள பாதுகாப்பு வால்வு எதற்காக? நீராவி வெளியேறும் துளை அடைபட்டால் அது என்ன செய்யும்? வீட்டில் கேட்டறியுங்கள்.

3. நம் கணக்கில் கண்ட ரயில் மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் ஓடினால், அதே பிரேக்கால் எவ்வளவு தூரத்தில் நிற்கும்? (விடை: ஏறத்தாழ 1300 மீட்டர். வேகம் 1.3 மடங்கு ஆனபோது தூரம் 1.69 மடங்கு ஆனது ஏன்?)