பழைய புல்லட்டுக்கு ஃபில்டரா, கூலரா?

சித்திரை மதியத்தில் பரளச்சியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பழைய புல்லட்டில் வந்து இறங்கினால், இன்ஜின் அனல் தொடையில் அடித்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பயந்துதான் பலரும் ஆயில் கூலர் விலை கேட்கப் போகிறார்கள். நம் கரிசல் காட்டில் கூலர் கடைசியாக வர வேண்டியது. இங்கே இன்ஜினைத் தின்பது சூட்டைவிடத் தூசிதான்.

திருவொற்றியூர் ஆலையில் தயாரான அந்த 346 சிசி இன்ஜினின் சிலிண்டர் வார்ப்பிரும்பு. அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் அது கடத்தும். ஆகவே சூடு இருக்கத்தான் செய்யும். ஆனால் கனெக்டிங் ராடின் அடிமுனையான பிக் எண்டில் ரோலர் பேரிங்குக்குப் பதில் மிதக்கும் புஷ் இருப்பதால், ஆயிலில் வரும் பொடி மணலை அதனால் தாங்கவே முடியாது.

கம்பெனி போட்டுத் தந்தது ஃபெல்ட் ஃபில்டர், அதாவது கம்பளி உருளை. எளிமையானது, ஆயிலைத் தடையில்லாமல் விடும். பெட்ரோலில் அலசித் திரும்பப் போடுகிறார்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். அலசும்போது மேலே இருந்த அழுக்கு கம்பளிக்குள் இன்னும் ஆழமாகப் போகும். அதே ஃபில்டர் அறையில் பொருந்தும் பேப்பர் ஃபில்டர் மடிப்பு மடிப்பாக இருப்பதால் பரப்பு அதிகம், பொடியையும் பிடிக்கும். காட்டுப் பாதையில் ஓட்டுபவருக்கு என் தேர்வு பேப்பர்தான். எதைப் போட்டாலும் 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை 20டபிள்யூ50 ஆயிலோடு சேர்த்து மாற்றுங்கள். அடியிலுள்ள சல்லடையையும் கழுவுங்கள். ஏர் ஃபில்டர் கிழிந்திருந்தால் இந்தச் செலவெல்லாம் வீண். தூசி நுழையும் பெரிய வாசல் அதுதான்.

வெளியே குழாய் இழுத்துக் கார் ஃபில்டர் மாட்டுவதை நான் விரும்புவதில்லை. புல்லட்டின் அதிர்வில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு கசிவுக்கு இடம்.

கூலர் யாருக்கு? மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் போகிறவருக்கு உதவும். திருச்சுழி சந்தைக்கு மெல்லப் போய் வருபவருக்குக் காற்றே படாத கூலரால் பயன் குறைவு. வாங்குவதற்கு முன் சிலிண்டரின் துடுப்புகளைப் பாருங்கள். கசிந்த ஆயிலும் கரிசல் மண்ணும் சேர்ந்து அப்பியிருந்தால், இன்ஜின் வெயிலில் போர்வை போர்த்தி ஓடுகிறது என்று அர்த்தம். சுரண்டிக் கழுவுங்கள். இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும், கார்புரேட்டரில் பெட்ரோல் குறைவாகக் கலந்தாலும் சூடு ஏறும். இவை சரியாக இருந்தும் கொதித்தால் கூலர் மாட்டலாம். வால்வை இயக்கும் ராக்கருக்கு ஆயில் போகும் குழாயில் சேர்ப்பதே பாதுகாப்பு. பிக் எண்டுக்குப் போகும் வழியைத் தொட விடாதீர்கள்.

ஃபில்டர் மாற்றிய அன்று ஃபில்டர் அறையில் புது ஆயில் ஊற்றி நிரப்பிவிட்டு மூடுங்கள். டீகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து கிக் அடித்த பிறகு ஸ்டார்ட் செய்து, ராக்கர் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். ஆயில் கசிந்து வரவில்லை என்றால் உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.