பெயர்கள் நிற்கும் வரிசை

வித்துரா, திருவனந்தபுரம் மாவட்டத்தில் பொன்முடி மலைக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ள ஊர். இது அருவிக்கரை சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. தேர்தல் நாளன்று இவ்வூரின் வாக்குச்சாவடிக்கு வருபவர், வாக்களிக்கும் பொறியை அடைவதற்கு முன் ஒரு பட்டியலைக் கடந்தாக வேண்டும். அதுவே வாக்காளர் பட்டியல். பட்டியலில் பெயர் இருந்தும் அலுவலர் கண்ணில் அது படவில்லையெனில், வாக்காளர் காத்து நிற்க நேரிடும். அவருக்குப் பின்னால் உள்ளவர்களும் காத்து நிற்பர். ஆகவே, பெயர்களைத் திரட்டுவது மட்டும் போதாது. தேடுபவர் விரைவில் கண்டடையும் வகையில் அவற்றை அச்சிடுவதும் வேண்டும்.

வாக்காளர் பட்டியலின் பக்கம்

வாக்காளர் பட்டியலின் ஒரு முழுப் பக்கத்தில் மூன்று நெடுவரிசைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் பத்துக் கட்டங்கள் அமையும். எனவே ஒரு பக்கத்தில் 30 வாக்காளர்களின் விவரம் அடங்கும். ஒரு வாக்குச்சாவடியில் 900 வாக்காளர்கள் இருப்பின், அவர்கள் பெயர்களுக்கு 30 பக்கங்கள் போதும். கட்டத்திற்குள் வரிசை எண், பெயர், தந்தை அல்லது கணவர் முதலிய உறவினர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம் ஆகியவை இருக்கும்.

இக்கட்டங்களின் எண்கள் இடமிருந்து வலமாகச் செல்கின்றன. முதல் கிடைவரிசையில் 1, 2, 3. அடுத்ததில் 4, 5, 6. வாக்காளர் தம் வரிசை எண்ணைச் சொன்னால், அலுவலர் அந்த எண்ணை நோக்கியே கண்களைச் செலுத்துகிறார். எண்ணைக் கொண்டு தேடுபவருக்கு இவ்வமைப்பு பொருந்தும்.

பள்ளியில் ஒரு பட்டியல்

இதே முறையில் ஒரு பட்டியலை மாணவர்களும் உருவாக்கலாம். வித்துராவில் உள்ள ஒரு பள்ளியில் 120 மாணவர்கள் தமிழ் பயில்வதாகக் கொள்க. அவர்களின் எண், பெயர், வகுப்பு ஆகியவை மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில் பதியப்பட்டுள்ளன. ஒரு பக்கத்தில் 40 வரிகள் அமையும். ஒரே நெடுவரிசையாக அச்சிட்டால் மூன்று தாள்கள் வேண்டும். ஒவ்வொரு தாளின் வலப்பக்கமும் வெறுமையாகக் கிடக்கும். மூன்று நெடுவரிசைகளாக அச்சிட்டால் 120 பெயர்களும் ஒரே தாளில் அடங்கிவிடும்.

அதற்கு முதலில் அளவு தெரிய வேண்டும். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். இடப்புறமும் வலப்புறமும் 12 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் 186 எஞ்சும். மூன்று நெடுவரிசைகளுக்கு நடுவே இரண்டு இடைவெளிகள் உண்டு. ஒவ்வோர் இடைவெளிக்கும் 6 வீதம் 12 போக எஞ்சுவது 174. அதனை மூன்றால் வகுத்தால் ஒரு நெடுவரிசையின் அகலம் 58 மில்லிமீட்டர் எனக் கிடைக்கும். இதில் எண்ணுக்கு 10, பெயருக்கு 36, வகுப்புக்கு 12 எனப் பங்கிடலாம். அகலத்தை 60 என வைத்தால் மொத்தம் 216 ஆகிவிடும். தாளைவிட 6 மில்லிமீட்டர் கூடுதலாவதால், மூன்றாம் நெடுவரிசைக்குத் தாளில் முழு இடம் கிடைக்காது.

அளவுகளை அமைத்தல்

1. அறிக்கையை வடிவமைப்புத் தோற்றத்தில் திறக்க வேண்டும். ஒரு மாணவரின் விவரம் முழுவதும் 58 மில்லிமீட்டருக்குள் அடங்குமாறு பெட்டிகளை அமைக்க வேண்டும்.
2. ‘பேஜ் செட்டப்’ பகுதியில் ‘காலம்ஸ்’ என்பதைத் திறந்து, நெடுவரிசைகளின் எண்ணிக்கை, இடைவெளி, அகலம் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும்.
3. பெயர்கள் செல்ல வேண்டிய திசையை அங்கேயே தேர்ந்தெடுக்க வேண்டும்.
4. அச்சு முன்னோட்டத்தில் பார்க்க வேண்டும். அறிக்கையின் சாதாரணத் தோற்றத்தில் நெடுவரிசைகள் தெரிவதில்லை, முன்னோட்டத்தில்தான் தெரியும்.

பக்கத் தலைப்புப் பகுதி தாளின் முழு அகலத்திற்கும் உரியது. ஆகவே, ‘எண், பெயர், வகுப்பு’ என்னும் தலைப்புகளை ஒருமுறை இட்டால் அவை முதல் நெடுவரிசைக்கு மேல் மட்டுமே நிற்கும். மூன்று நெடுவரிசைகளுக்கும் மேலாக மூன்று முறை இட வேண்டும்.

கண் செல்லும் வழி

திசையைத் தேர்ந்தெடுப்பதே இவ்வேலையில் முதன்மையானது. மென்பொருள் இரண்டு வழிகளைத் தருகிறது. இடமிருந்து வலமாகச் சென்று பின் கீழிறங்குவது ஒன்று. மேலிருந்து கீழாகச் சென்று பின் அடுத்த நெடுவரிசைக்கு மாறுவது மற்றொன்று. வாக்காளர் பட்டியல் முதல் வழியில் அமைந்தது. அகராதிகள் இரண்டாம் வழியில் அமைந்தவை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனின் ஒவ்வொரு பக்கமும் இரண்டு நெடுவரிசைகள் கொண்டது. சொல்லைத் தேடுபவரின் கண் ஒரு நெடுவரிசையின் அடிவரை சென்று, அடுத்ததன் தலைக்கு ஏறுகிறது.

மாணவர் பெயர்கள் அகரவரிசையில் இருப்பின் இரண்டாம் வழியே ஏற்றது. முதல் வழியைத் தேர்ந்தால், மேலிருந்து கீழாகப் படிப்பவருக்கு முதலாம், நான்காம், ஏழாம் பெயர்களே அடுத்தடுத்துத் தென்படும். தேடும் பெயர் அங்கு இல்லை என அவர் முடிவு செய்துவிடக்கூடும். பட்டியலில் பிழை ஏதும் இராது. ஆயினும் பெயர் கிடைக்காது.

தமிழ்ப் பெயர்களுக்கு உரிய கவனம்

தமிழ்ப் பெயர்களில் தலைப்பெழுத்து முன்னே நிற்கும். ‘கா. முத்துலட்சுமி’ என்பதை ஒரே புலத்தில் பதிந்து வரிசைப்படுத்தினால், அப்பெயர் ‘மு’ வரிசையில் நில்லாமல் ‘கா’ வரிசைக்குப் போய்விடும். எனவே தலைப்பெழுத்துக்கு ஒரு புலமும் பெயருக்கு ஒரு புலமும் தனித்தனியே வேண்டும். பெயர்ப் புலத்தைக் கொண்டு வரிசைப்படுத்தி, அச்சிடும்போது இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அகரவரிசையையும் சரிபார்க்க வேண்டும். தமிழ் நெடுங்கணக்கில் மெய்யெழுத்துகளின் இறுதியில் நிற்பது ‘ன’. கணினியின் யூனிகோடு அட்டவணையிலோ அது ‘ந’ எழுத்தை அடுத்தே வைக்கப்பட்டுள்ளது. அந்தக் குறியெண்களின்படி அடுக்கினால் கனிமொழி, கமலா, கயல்விழி, கலைவாணி என்று வரும். நெடுங்கணக்கின்படி கமலா, கயல்விழி, கலைவாணி, கனிமொழி என்பதே முறை.

நீண்ட பெயர்களுக்கும் இடம் வேண்டும். 36 மில்லிமீட்டருக்குள் அடங்காத பெயரின் கடைசி எழுத்துகள் அச்சில் மறைந்துபோகும். பெட்டி தேவைக்கேற்பக் கீழ்நோக்கி வளர இடமளிக்கும் ‘கேன் க்ரோ’ என்னும் பண்பைத் தேர்ந்தால், பெயர் அடுத்த வரியில் தொடரும். அதனால் ஒரு பக்கத்தில் 40 வரிகளுக்குப் பதில் 38 அல்லது 39 பெயர்களே ஒரு நெடுவரிசையில் அமையக்கூடும். பெயர் குறைவதைவிடத் தாள் ஒன்று கூடுவது மேல்.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்களுக்குப் பள்ளிப் பதிவேடு, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல் என ஒவ்வொன்றிலும் பெயர் சரியாக இருத்தல் இன்றியமையாதது. ஆகையால், பட்டியல் செய்பவர் முதல் தாளை அச்சிட்டவுடன் மிக நீண்ட பெயரையும், நெடுவரிசைகளின் முதல், கடைசிப் பெயர்களையும் தேடிப் பார்த்துவிட்டே மற்றத் தாள்களை அச்சிட வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

நெடுவரிசை – மேலிருந்து கீழாக அமையும் வரிசை
கிடைவரிசை – இடமிருந்து வலமாக அமையும் வரிசை
புலம் – ஒருவகை விவரத்தைப் பதியும் இடம்
நெடுங்கணக்கு – தமிழ் எழுத்துகளின் முறையான வரிசை
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

பயிற்சி

1. வாக்காளர் பட்டியலின் ஒரு முழுப் பக்கத்தில் எத்தனை பேரின் விவரம் அடங்கும்? எவ்வாறு?
2. அகரவரிசைப் பட்டியலுக்கு எவ்வழி ஏற்றது? காரணம் எழுதுக.
3. அதே ஓரமும் அதே இடைவெளியும் விட்டு ஏ4 தாளில் இரண்டு நெடுவரிசைகள் அமைத்தால், ஒவ்வொன்றின் அகலம் எவ்வளவு?
4. நெடுங்கணக்கின்படி வரிசைப்படுத்துக: மலர், மனோகரன், மதி, மணி.
5. வகுப்புத் தோழர்கள் பன்னிருவரின் பெயர்களை மூன்று நெடுவரிசைகளில் இரு வழிகளிலும் எழுதிக் காட்டுக. ஒரு பெயரைத் தேட எது எளிது என ஓரிரு வரிகளில் எழுதுக.