ஓடாத சிறு எஞ்சினுக்கு உறுப்பு தேடுவோம்

வீட்டு மிக்சியில் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டால் என்ன செய்கிறோம்? கடைக்குப் போய் மிக்சியின் பெயரைச் சொல்கிறோம். கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். ஆனால் அந்த மிக்சியைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள், அதன் மேல் இருந்த எண்ணும் அழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கடைக்காரரிடம் எதைச் சொல்வீர்கள்?

எங்கள் தெருவில் வசித்த முதியவர் ஒருவர் ஒரு நாள் இதே கேள்வியோடு என்னிடம் வந்தார். அவர் கையில் ஒரு சிறிய கறுப்பு ரயில் எஞ்சின் இருந்தது. இங்கிலாந்தில் 1950களில் டிரையாங் என்ற பெயரில் விற்கப்பட்டது. கப்பலில் வேலை பார்த்த அவருடைய தந்தை அதை வாங்கி வந்தாராம். "கொஞ்ச தூரம் ஓடுகிறது, சார். பிறகு சூடாகி நின்றுவிடுகிறது. ஏதாவது உறுப்பு மாற்ற வேண்டுமா?" என்று கேட்டார். இயற்பியல் படித்தவன் என்ற துணிச்சலில் வாங்கி வைத்துக்கொண்டேன். அதில் நான் செய்த தவற்றைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், பெயரும் எண்ணும் இல்லாத ஓர் உறுப்பை அடையாளம் காண்பது எப்படி என்று பார்ப்போம்.

தண்டவாள அகலம் மட்டும் போதாது

முதலில் தெரிய வேண்டியது அளவு விகிதம். உண்மை எஞ்சினை எத்தனை மடங்கு சிறிதாக்கி மாதிரியைச் செய்திருக்கிறார்கள்? சக்கரங்களுக்கு இடையே அளந்தால் தெரிந்துவிடும் என்று நினைப்பீர்கள். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது.

உலகில் பரவலாக உள்ள இருப்புப்பாதையின் அகலம் 1435 மி.மீ. இதை 87-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 16.5 மி.மீ. வருகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் எச்.ஓ. மாதிரிகளின் பாதை அகலம் இதுதான். இதில் ஓர் அடி நீளம் 3.5 மி.மீ. ஆகச் சுருங்குகிறது.

பிரிட்டனிலோ கதை வேறு. அந்நாட்டு எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிட உடல் சிறியவை. அக்காலத்தில் கிடைத்த மோட்டார்களை 87-இல் ஒரு பங்கு உடலுக்குள் அடக்குவது கடினமாக இருந்தது. எனவே உடலை மட்டும் ஓர் அடிக்கு 4 மி.மீ. என்று சற்றுப் பெரிதாகச் செய்து, அதே 16.5 மி.மீ. பாதையில் ஓடவிட்டார்கள். இதுவே ஓ.ஓ. அளவு, விகிதம் 76.2-இல் ஒரு பங்கு. லிவர்பூலில் இருந்த மெக்கானோ கம்பெனி 1938-இல் வெளியிட்ட ஹார்ன்பி டப்ளோ ரயில்கள் இந்த அளவைப் பெரிதும் பரப்பின. கணக்குப்படி அந்த உடலுக்குப் பாதை 18.83 மி.மீ. இருந்திருக்க வேண்டும்!

ஆகவே ஒரே தண்டவாளத்தில் இரண்டு அளவு எஞ்சின்கள் ஓடுகின்றன. அப்படியானால் எப்படிப் பிரித்தறிவது? உண்மை எஞ்சினின் ஏதாவது ஓர் அளவு தெரிந்தால் போதும். 1938-இல் மணிக்கு 203 கி.மீ. வேகத்தில் ஓடிச் சாதனை படைத்த மல்லார்ட் என்ற நீராவி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் பெரிய சக்கரத்தின் விட்டம் 6 அடி 8 அங்குலம், அதாவது 6.67 அடி. ஓ.ஓ. மாதிரியில் அது 6.67 × 4 = 26.7 மி.மீ. எச்.ஓ. மாதிரியில் 6.67 × 3.5 = 23.3 மி.மீ. வெர்னியர் அளவி சொல்லிவிடும். தண்டவாளத்தின் உட்புறம் இறங்கும் விளிம்பைச் சேர்க்காமல் அளக்க வேண்டும் என்பது நினைவிருக்கட்டும். பழைய மாதிரிகளில் சக்கரத்தைச் சற்றுச் சிறிதாகச் செய்வதும் உண்டு. ஆதலால் உடலின் நீளத்தையும் அளந்து ஒப்பிடுவது நல்லது.

குண்டூசிச் சோதனை

அடுத்த கேள்வி: மோட்டார் எந்த மின்னோட்டத்தில் ஓடும்? டிரையாங், ஹார்ன்பி டப்ளோ இரண்டும் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடுபவை. ஜெர்மனியின் மார்க்லின், அமெரிக்காவின் லயனல் ஆகியவற்றின் பழைய எஞ்சின்கள் மாறுமின்னோட்டத்தில் ஓடுபவை.

மின்சாரம் எதுவும் கொடுக்காமல் ஒரு குண்டூசியை மோட்டாரின் அருகே கொண்டு போங்கள். ஊசி இழுக்கப்பட்டால் உள்ளே நிலைக்காந்தம் இருக்கிறது. அது நேர்மின்னோட்ட மோட்டார். இழுக்கப்படாமல், காந்தம் இருக்க வேண்டிய இடத்தில் கம்பிச்சுருள் தெரிந்தால், அது பெரும்பாலும் மாறுமின்னோட்டத்திற்கும் ஏற்ற மோட்டார். நிலைக்காந்த மோட்டாருக்கு மாறுமின்னோட்டம் கொடுத்தால் அது சுழலாது. உறுமிக்கொண்டு சூடாகும், சுருளும் கருகலாம்.

ஓர் எச்சரிக்கை! பழைய ரயிலுடன் வரும் டிரான்ஸ்ஃபார்மரை வீட்டு மின்சாரத்தில் செருகவே செருகாதீர்கள். அதன் உறை காலத்தால் உதிர்ந்திருக்கும். நேர்மின்னோட்ட மோட்டாரைச் சோதிக்க 9 வோல்ட் பாட்டரி போதும்.

மூன்று அளவீடுகள் சொல்லும் செய்தி

சிறிய மோட்டார்கள் பலவற்றில் சுழலும் ஆர்மச்சூரில் மூன்று சுருள்கள் முக்கோணமாக இணைக்கப்பட்டிருக்கும். முக்கோணத்தின் மூன்று முனைகளும் கம்யூட்டேட்டரின் மூன்று செப்புத் துண்டுகளில் சேரும். கார்பன் பிரஷ்களைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரால் இரண்டிரண்டு துண்டுகளாக மின்தடையை அளந்து பாருங்கள்.

ஒவ்வொரு சுருளின் மின்தடையும் 27 ஓம் என்க. இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஒரு சுருள் (27 ஓம்) ஒரு பக்கமும், மற்ற இரண்டும் தொடராக (54 ஓம்) மறு பக்கமும் பக்க இணைப்பில் இருக்கின்றன. எனவே அளவீடு 27 × 54 ÷ 81 = 18 ஓம். எல்லாம் நலமென்றால் மூன்று முறையும் 18 வரும்.

ஒரு சுருள் அறுந்திருந்தால்? அளவீடுகள் 27, 27, 54 என்று வரும். 54 காட்டும் இரு துண்டுகளுக்கு நடுவே உள்ள சுருள்தான் அறுந்தது. ஒரு சுருள் முழுதும் குறுக்குச்சுற்றாகியிருந்தால் ஓர் அளவீடு சுழியத்தை நெருங்கும். மோட்டாரைப் பிரித்துப் போடாமலே, ஆர்மச்சூர் மாற்ற வேண்டியதா இல்லையா என்பது தெரிந்துவிட்டது, பார்த்தீர்களா?

முதியவரின் எஞ்சினில் மூன்று அளவீடுகளும் சமமாகவே வந்தன. ஆர்மச்சூர் நலம். ஆனால் கம்யூட்டேட்டரின் இடுக்குகளில் கார்பன் தூளும் எண்ணெயும் அப்பிக் கிடந்தன. அவற்றைத் துடைத்திருந்தாலே எஞ்சின் ஓடியிருக்கும். நான் அதோடு நிறுத்தவில்லை.

நான் செய்த தவறு

காந்தத்தையும் கழற்றித் துடைத்து, இரவு முழுவதும் மேசைமேல் வைத்துவிட்டேன். மறுநாள் எல்லாவற்றையும் பூட்டினேன். எஞ்சின் முன்னிலும் மோசமாகிவிட்டது!

காரணம் இதுதான். அந்தக் காலத்து மோட்டார் காந்தங்கள் அல்நிக்கோ என்ற கலவையால் ஆனவை. இரும்புடன் அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த உலோகம் அது. அதன் காந்தப்புலம் வலியது. ஆனால் எளிதில் காந்தத்தன்மையை இழக்கக்கூடியது. மோட்டாருக்குள் இருக்கும்போது காந்தக் கோடுகள் இரும்பு வழியே சுற்றி வந்துவிடுகின்றன. வெளியே எடுத்ததும் அவை காற்றின் வழியே செல்ல நேர்கிறது. அப்போது காந்தத்தின் துருவங்களே அதற்கு எதிராக வேலை செய்து அதை வலுவிழக்கச் செய்கின்றன. திரும்பப் பூட்டினாலும் இழந்த வலிமை முழுவதும் மீளாது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் சட்டக் காந்தங்களைத் தேனிரும்புக் காப்பான்களோடு வைக்கிறோமே, அது எதற்கு என்று எனக்கு அன்றுதான் உண்மையில் உறைத்தது.

காந்தம் பாதியாக வலுவிழந்தால் என்ன ஆகும்? அதே இழுவையைத் தர மின்னோட்டம் இரண்டு மடங்காக வேண்டும். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதம் அல்லவா? ஆகவே சுருள் நான்கு மடங்கு சூடாகும். காந்தக் குறையை அறியாமல் புதிய ஆர்மச்சூர் வாங்கிப் போட்டிருந்தால் அதுவும் கருகியிருக்கும்.

1980களில் கண்டுபிடிக்கப்பட்ட நியோடிமியம் காந்தங்கள் இங்கே கைகொடுத்தன. பழைய காந்தத்தைவிட மிகச் சிறிய துண்டே போதும். மீதி இடத்தை இரும்புத் துண்டால் நிரப்பினேன். எஞ்சின் ஓடியது, பின்னோக்கி! துருவங்களை மாற்றி வைத்திருந்தேன். திருப்பி வைத்ததும் சரியாயிற்று.

பற்சக்கரமும் பொய் சொல்லும்

பற்சக்கரத்தை அடையாளம் காண மூன்று அளவுகள் வேண்டும்: பற்களின் எண்ணிக்கை, வெளிவிட்டம், நடுத்துளை. வெளிவிட்டத்தைப் பற்களின் எண்ணிக்கையோடு 2 கூட்டி வகுத்தால் வருவது மாடுல் எனப்படும். 20 பற்களும் 11 மி.மீ. வெளிவிட்டமும் கொண்ட சக்கரத்தின் மாடுல் 11 ÷ 22 = 0.5. அங்குல முறையில் செய்யப்பட்ட பழைய பிரிட்டிஷ் சக்கரம் ஒன்றில், பற்கள் நெருக்கமாக 48 என்ற குறியீட்டில் இருந்தால், மாடுல் 25.4 ÷ 48 = 0.529. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சேர்த்து ஓட்டினால் பற்கள் அரைபட்டுப் போகும். துளையும் அப்படித்தான்: 1/8 அங்குலம் என்பது 3.175 மி.மீ. 3 மி.மீ. துளையுள்ள பிளாஸ்டிக் சக்கரத்தை அதில் அடித்து ஏற்றினால் சில நாளில் பிளந்துவிடும்.

இன்னொரு விந்தையையும் கேளுங்கள். பழைய எஞ்சின்களின் வார்ப்பு உறுப்புகள் பெரும்பாலும் மாசாக் என்ற துத்தநாகக் கலவை. அதில் சிறிதளவு ஈயம் மாசாகக் கலந்திருந்தாலும் உலோகத்தின் படிகமணிகளுக்கு இடையே அரிமானம் பரவுகிறது. உறுப்பு பல ஆண்டுகளில் மெல்ல உப்பி, வெடித்து, கடைசியில் ரொட்டித்துண்டு போல் உதிர்கிறது. இதற்கு மருந்து இல்லை. புதிய வார்ப்புதான் வழி. ஆனால் உப்பிய உறுப்பை அளந்து அதே அளவில் புதியது வாங்கினால் அது பொருந்துமா? பொருந்தாது. எனவே கெட்ட உறுப்பை அளப்பதோடு நிற்காமல், அது போய்ச் சேரும் அச்சையும் துளையையும் அளவுங்கள். கெட்ட உறுப்பு பொய் சொல்லலாம். நலமாக உள்ள அண்டை உறுப்பு பொய் சொல்லாது.

எங்கே தேடுவது?

உற்பத்தியாளர்கள் பழுதுபார்ப்போருக்காக வெளியிட்ட சர்வீஸ் தாள்களில் ஒவ்வோர் உறுப்பும் பிரித்து வரையப்பட்டு எண்ணிடப்பட்டிருக்கும். முதலில் அதைத் தேடுங்கள். எண் தெரிந்துவிட்டால், எஞ்சின் பெயரை விட்டுவிட்டு எண்ணையே தேடலாம். டிரையாங்கின் எக்ஸ்.04 என்ற ஒரே மோட்டார் பலவகை எஞ்சின்களில் பூட்டப்பட்டது. ஆகையால் உடல் உடைந்த வேறொரு மலிவான எஞ்சினிலிருந்தும் உங்களுக்கு வேண்டிய உறுப்பு கிடைக்கும். பழைய உறுப்புகளைப் புதிதாக வார்த்து விற்கும் சிறு தொழில் செய்வோரும் உள்ளனர். அவர்களிடம் "கறுப்பு எஞ்சினின் சக்கரம்" என்று கேட்டால் பயனில்லை. "20 பல், மாடுல் 0.5, துளை 3.175 மி.மீ." என்று கேளுங்கள்; பதில் வரும். கழற்றிய பழைய உறுப்பையும் எறிந்துவிடாதீர்கள். அடுத்து வருபவருக்கு அதுவே சாட்சி.

முதியவரிடம் எஞ்சினைக் கொடுத்தபோது நான் செய்த தவற்றையும் சொன்னேன். அவர் பழைய காந்தத்தைக் கேட்டு வாங்கி, காகிதத்தில் சுற்றி, எஞ்சின் பெட்டியிலேயே வைத்துக்கொண்டார்.

செய்து பாருங்கள்

1. ஒரு முக்கோண ஆர்மச்சூரில் அளவீடுகள் 12, 12, 24 ஓம். ஒரு சுருளின் மின்தடை என்ன? பழுதில்லாதபோது அளவீடு எவ்வளவு இருந்திருக்கும்?

2. 30 பற்கள் உள்ள சக்கரத்தின் வெளிவிட்டம் 16 மி.மீ. அதன் மாடுல் என்ன?

3. ஒரு மோட்டாரின் காந்தம் மூன்றில் ஒரு பங்காக வலுவிழந்தது. அதே இழுவைக்குச் சுருளில் தோன்றும் வெப்பம் எத்தனை மடங்காகும்?

விடைகள்: 1) 12 ஓம், 8 ஓம். 2) 0.5. 3) 9 மடங்கு.